குளிர்பருவப் புல்லை அடையாளம் காண்பதும் பராமரிப்பதும்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு முன்புறத்தில் புல்தரை போட விரும்பி இணையக் கடைகளில் விதை தேடும் சென்னைவாசியின் கண்ணில் முதலில் படுவது, ஓரம் வரை ஒரே சீராக அடர்பச்சையில் மின்னும் ஒரு புல்வெளியின் படம்தான். விம்பிள்டன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை பழக்கமானது. அங்குள்ள ஆடுகளங்கள் 2001 முதல் முழுவதும் பெரென்னியல் ரைகிராஸ் என்னும் ஒரே வகைப் புல்லால் அமைக்கப்பட்டு, போட்டி நாட்களில் 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி வைக்கப்படுகின்றன. அந்தப் புல்லும், கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ஃபைன் ஃபெஸ்க்யூ, பென்ட்கிராஸ் ஆகியவையும் குளிர்பருவப் புற்கள் என்ற பிரிவைச் சேர்ந்தவை. இவை செழித்து வளர்வது ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில். வேர்களுக்கு அதைவிடவும் குளிர்ந்த மண் வேண்டும்.

எனவே விதைப் பையை வாங்கும் முன்போ, ஏற்கெனவே முளைத்து நிற்கும் புல்லுக்கு உரம் போடும் முன்போ, அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். குளிர்பருவம், வெப்பப்பருவம் என்ற இரண்டு பிரிவுகளுக்கும் உரமிடும் மாதம், வெட்டும் உயரம், நீரின் அளவு ஆகிய மூன்றுமே வேறுபடும். ஒன்றுக்கு எழுதப்பட்ட அறிவுரையை மற்றொன்றுக்குப் பின்பற்றினால் புல் கெடுவதோடு தண்ணீரும் பணமும் வீணாகும். சென்னையில் வசித்துக்கொண்டு ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்; அவர்கள் ஒரே ஆண்டில் நேர்மாறான இரண்டு பராமரிப்பு முறைகளைக் கையாள வேண்டியிருக்கிறது.

சென்னைக்கு ஏன் ஒத்துவருவதில்லை

குளிர்பருவப் புற்கள் தாவரவியலில் சி3 எனப்படும் வகையைச் சேர்ந்தவை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது, இவற்றின் இலையில் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி அதற்குப் பதிலாக ஆக்சிஜனை அதிகமாகப் பிடிக்கத் தொடங்குவதால், உண்டாக்கிய உணவில் ஒரு பகுதி வீணாகிறது. அருகம்புல் போன்ற வெப்பப்பருவப் புற்கள் சி4 வகை; அவை கரியமில வாயுவை முன்கூட்டியே செறிவாக்கிக்கொள்வதால் 35 டிகிரியிலும் தடையின்றி வளர்கின்றன.

பகல் வெயிலை மட்டும் பார்த்து, நிழல்வலை கட்டினால் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான தடை இரவில்தான் இருக்கிறது. நம் நகரில் மே மாத இரவுகளில்கூட வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை. புல் இரவெல்லாம் சுவாசித்துப் பகலில் சேர்த்ததைச் செலவழித்துவிடும். ஆண்டின் குளிர்ந்த மாதமான ஜனவரியிலும் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 21 டிகிரி அளவில்தான் இருக்கிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாளைப் போன்ற உச்சங்களைக் காட்டிலும், மார்ச் முதல் செப்டம்பர் வரை விடாமல் நீளும் புழுக்கமே இப்புல்லை அழிக்கிறது. குளிர்நாடுகளில் கோடையின் சில வாரங்கள் இப்புல் பழுத்து உறங்கி, மழையும் குளிரும் திரும்பியதும் மீண்டும் துளிர்ப்பது உண்டு. இங்கே உறங்கும் காலம் அதன் சேமிப்பு தாங்கும் காலத்தைவிட நீண்டுவிடுவதால் அது எழுவதே இல்லை.

கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற பகுதிகளில் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்துகொள்கிறது. கென்டக்கி புளூகிராஸ் உப்பைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானது. அந்தத் தண்ணீரில் அதன் இலை நுனிகள் முதலில் வெளுத்துப் பின்னர் கருகும்.

புல்லைக் கையில் எடுத்து அடையாளம் காணுதல்

விதைப் பையாக இருந்தால் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தாவரவியல் பெயரைப் படியுங்கள். லோலியம், பொயா, ஃபெஸ்டூகா, அக்ரோஸ்டிஸ் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றில் பெயர் தொடங்கினால் அது குளிர்பருவப் புல். சைனோடான் என்றால் பெர்முடா, அதாவது நம் அருகம்புல் இனம். சோய்சியா என்றால் கொரியன் புல் என்று நர்சரிகளில் விற்கப்படுவதன் இனம். பாஸ்பாலம் என்றால் அதுவும் வெப்பப்பருவப் புல். தாவரவியல் பெயரே அச்சிடப்படாத பையை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காமல் இருப்பது நல்லது.

முளைத்த புல்லாக இருந்தால் வெட்டப்படாத ஒரு தூரை வேரோடு பெயர்த்து, மண்ணைக் கழுவி, வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மீது வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். அலைபேசிக் கேமராவை நெருக்கிப் பிடித்தும் பார்க்கலாம். இலையின் அகலத்தையும் நிறத்தையும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஏனெனில் அவை நீரையும் உரத்தையும் பொறுத்து மாறக்கூடியவை.

முதலில் பார்க்க வேண்டியது, இலை தண்டை விட்டுப் பிரியும் கணு மூட்டின் உட்புறம். இலையை மெல்லப் பின்னுக்கு வளைத்தால் அங்கே தண்டை ஒட்டி ஒரு சிறு அமைப்பு நிற்பது தெரியும். குளிர்பருவப் புற்களில் அது கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய சவ்வாக இருக்கும். சென்னையில் பரவலாகக் கிடைக்கும் பெர்முடா, சோய்சியா, பஃபலோ புல் ஆகியவற்றில் அந்த இடத்தில் சவ்வுக்குப் பதிலாக மயிர்களின் வரிசை ஒன்று இருக்கும். கடலோரத் தோட்டங்களில் நடப்படும் பாஸ்பாலம் இந்த விதிக்கு விலக்கு. வெப்பப்பருவப் புல்லாக இருந்தும் அதில் சவ்வு உண்டு. ஆகவே இந்த ஒரு சோதனை பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும் என்றாலும், மற்றவற்றையும் சேர்த்துப் பார்ப்பது பாதுகாப்பானது.

அடுத்ததாக, இன்னும் விரியாத இளம் இலை தண்டுக்குள் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்டைப் பிளேடால் குறுக்கே வெட்டினால், சிலவற்றில் அந்த இலை நடுவில் மடிக்கப்பட்ட தாளாகவும், சிலவற்றில் சுருட்டப்பட்ட பாயாகவும் காணப்படும். வெட்டாமலும் அறியலாம்: தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். மடிந்தது தட்டையாகத் தடுக்கும். சுருண்டது தடையின்றி உருளும். கென்டக்கி புளூகிராஸும் பெரென்னியல் ரைகிராஸும் மடிந்தவை. டால் ஃபெஸ்க்யூ, பென்ட்கிராஸ், ஓராண்டு ரைகிராஸ் ஆகியவை சுருண்டவை.

மடிந்தவை இரண்டையும் பிரித்தறிய இலையின் நுனியைக் கவனியுங்கள். கென்டக்கி புளூகிராஸின் நுனி படகின் முன்பகுதி போல் குவிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை விரலால் தட்டையாக அழுத்தினால் நுனி இரண்டாகப் பிளவுபடும். அதன் இலை நடுவில் வெளிர்ந்த இரண்டு கோடுகள் தண்டவாளம் போல இணையாக ஓடுவதும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ரைகிராஸின் நுனி சாதாரணமாகக் கூர்ந்திருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். தூரின் அடிப்பகுதி பெரும்பாலும் செந்நிறம் படிந்திருக்கும். டால் ஃபெஸ்க்யூவின் இலை அகலமானது, மேற்புறத்தில் நரம்புகள் வரிவரியாக எழும்பி நிற்பது. அதன் விளிம்பை நுனியிலிருந்து அடிநோக்கி விரலால் தடவினால் சொரசொரப்பு உறைக்கும். ஃபைன் ஃபெஸ்க்யூவில் இலை ஊசிபோல் உருண்டிருப்பதால் வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

மலிவான கலவை விதைகளில் அடிக்கடி சேர்க்கப்படும் ஓராண்டு ரைகிராஸை அறிய, இலை மூட்டின் இருபுறத்தையும் பாருங்கள். அங்கே இரண்டு நீண்ட கொக்கிகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். பெரென்னியல் வகையிலும் இவை உண்டு, ஆனால் சிறியவை. டால் ஃபெஸ்க்யூவில் அவை குட்டையாகவும் நுண்ணிய மயிர்களோடும் இருக்கும்.

புல் படர்கிறதா, தூராக நிற்கிறதா என்பதை வைத்து மட்டும் பிரிவைச் சொல்லிவிட முடியாது. ரைகிராஸ் தூராக நிற்பது. டால் ஃபெஸ்க்யூவும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கென்டக்கி புளூகிராஸ் மண்ணுக்கு அடியிலும் பென்ட்கிராஸ் மண்ணின் மேலும் தண்டுகளை ஓடவிட்டுப் படரும். பெர்முடா இரண்டு விதமாகவும் படரும். நர்சரியில் பாயாகச் சுருட்டி விற்கும் புல்லை வாங்கும்போது, விற்பவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்வதோடு நிற்காமல் ஒரு கொடியைப் பிரித்து மேற்சொன்ன சோதனைகளைச் செய்துவிடுங்கள். அந்தப் பாயில் கோரை கலந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். கோரையின் பூந்தண்டு உருண்டையாக இராது, மூன்று பட்டைகளோடு இருக்கும். மண்ணைக் கிளறினால் கருத்த சிறு கிழங்குகள் கிடைக்கும். ஒரு கிழங்கு தப்பினாலும் அடுத்த மழைக்குள் பாதித் தரையை அது பிடித்துவிடும் என்பதால் அந்தப் பாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

சென்னையில் வளர்த்தே தீர வேண்டும் என்றால்

வாங்கிவிட்ட விதையை வீணாக்க மனமில்லாதவர்கள், இதை மார்கழி, தை மாதங்களுக்கான குறுகிய காலப் பயிராக மட்டும் கருத வேண்டும். அதற்கு ஏற்றது பெரென்னியல் ரைகிராஸ் ஒன்றே. அது 5 முதல் 10 நாட்களில் முளைத்துவிடும். கென்டக்கி புளூகிராஸ் முளைக்கவே 2 முதல் 4 வாரங்கள் எடுத்துக்கொள்வதால், அது தரையை மூடும் முன்பே மாசி வெயில் வந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழையின் பெரிய மழைகள் ஓய்ந்த பிறகு, டிசம்பர் நடுவில் விதைக்கலாம். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத் துண்டு நிலமோ, பால்கனியில் வைத்த ஆழமற்ற தொட்டியோ போதும். இரண்டு பங்கு ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழு உரம் என்ற கலவை நீரைத் தேக்காது. சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் விதையைத் தூவி, அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் மண்ணால் மூடி, கையால் அழுத்திவிடுங்கள். முளைக்கும்வரை பூவாளியால் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை லேசாகத் தெளித்தால் பொங்கலுக்குள் தரை மூடிவிடும். புல் 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயர்ந்ததும் 5 சென்டிமீட்டருக்கு வெட்டத் தொடங்கலாம்.

நம் ஈரப்பதத்தில் இப்புல்லுக்கு வரும் பெரிய ஆபத்து பித்தியம் அழுகல். விடியற்காலையில் பார்த்தால் நனைந்து படிந்த புல்லின் மீது பஞ்சு இழைபோல் வெண்மையாக ஏதோ படர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் அது மறைந்து, புல் பழுப்பாகிக் கிடக்கும். மாலையில் நீர் ஊற்றுவதும், பச்சை கூட வேண்டும் என்று யூரியாவை அள்ளி வீசுவதும் இதை வரவழைப்பவை. காலை 8 மணிக்குள் நீர் விட்டு முடித்தால் இலைகள் விரைவில் உலர்ந்துவிடும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெர்முடா தரையின் மீதே ரைகிராஸை மேல்விதைப்பாகத் தூவும் வழக்கம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கும் செய்ய முனைபவர்கள் உண்டு. அங்கே பெர்முடா குளிர்காலத்தில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடுவதால் அந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. சென்னையில் பெர்முடா ஜனவரியிலும் பச்சையாகவே இருக்கும் என்பதால், மேல்விதைப்பு அதற்கு நிழலடித்து அதை மெலியவைப்பதைத் தவிர வேறு பயன் தராது. நவராத்திரிக் கொலுவில் பூங்கா வைக்க விரும்புகிறவர்களுக்கு வேண்டுமானால் ரைகிராஸ் விதை கைகொடுக்கும். கடுகும் கேழ்வரகும் அந்த வேலையை இன்னும் மலிவாகச் செய்கின்றன என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி இறுதியில் புல் மங்கத் தொடங்கியதும் நீரைக் கூட்டிக் காப்பாற்ற முயல வேண்டாம். ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் நீர் என்பது 1 லிட்டர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்ற சாதாரணக் கணக்கிலேயே 20 சதுர மீட்டர் தரைக்கு 500 லிட்டர் ஆகிறது; கோடையில் அது இரட்டிப்பானாலும் குளிர்பருவப் புல் பிழைக்காது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி லாரி தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்த நகரத்தில் இது நியாயமான செலவும் அல்ல. பழைய புல்லைக் கொத்தி எடுத்து, அதே இடத்தில் பெர்முடா கொடிகளை 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றிவிடுங்கள். மார்ச் மாத வெயில் அதற்கு உகந்தது. மரநிழல் மிகுந்த இடமானால் பஃபலோ புல்லும், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பாஸ்பாலமும் பொருந்தும்.

மலை வீட்டில் பராமரிப்பு

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலும், அதைவிடச் சற்றே தாழ்ந்த கொடைக்கானலிலும் இதே புல் ஆண்டு முழுவதும் நிலைத்து வளரும். அங்கே முதல் வேலை மண்ணின் அமிலத்தன்மையைச் சரிசெய்வது. இந்தப் புற்கள் விரும்பும் கார அமில நிலை 6 முதல் 7 வரை. நீலகிரி மண் பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், மண் பரிசோதனை செய்து, அதில் சொல்லப்படும் அளவுக்கு டோலமைட்டோ சுண்ணாம்போ விதைப்புக்குச் சில வாரங்கள் முன்பே இட்டுக் கிளறிவிட வேண்டும்.

விதைப்புக்குக் கனமழை வாரங்களையும் உறைபனி மாதங்களையும் தவிர்க்க வேண்டும். கென்டக்கி புளூகிராஸுக்குச் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராமும், டால் ஃபெஸ்க்யூவுக்கு 30 முதல் 40 கிராமும் போதும். இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குக் காரணம், புளூகிராஸ் விதை மிக நுண்ணியது என்பதும் அது பின்னர் தானே படர்ந்து இடைவெளியை நிரப்பும் என்பதும்தான். வாரம் ஒரு முறை மட்டுமே யாராவது வந்து பார்க்கும் வீடாக இருந்தால் டால் ஃபெஸ்க்யூவைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஆழமாக வேர்விடுவதால் அது சில நாள் வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும்.

வெட்டும் உயரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். சென்னையில் பெர்முடாவை 2 அல்லது 3 சென்டிமீட்டரில் ஒட்ட வெட்டிப் பழகிய தோட்டக்காரர், மலையிலும் அதே உயரத்தில் இயந்திரத்தை ஓட்டிவிடுவார். புளூகிராஸும் ரைகிராஸும் 5 முதல் 7 சென்டிமீட்டரிலும், டால் ஃபெஸ்க்யூ 7 முதல் 10 சென்டிமீட்டரிலும் நிற்க வேண்டும். ஒரு வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிகம் வளர்ந்துவிட்டிருந்தால் சில நாள் இடைவெளி விட்டு இரண்டு தவணையாக இறக்குங்கள். இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருந்தால் இலை நுனி வெட்டுப்படாமல் கிழிந்து, மறுநாள் தரை முழுவதும் வெண்பழுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து நோய் என்று மருந்தடிப்பது வீண் செலவு. வெட்டிய துண்டுகள் சிறியவையாக இருந்தால் அங்கேயே விடலாம், அவை மட்கித் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிராம் தழைச்சத்து போதுமானது. இதை மூன்று தவணையாகப் பிரித்து, புல் நன்கு வளரும் மிதமான மாதங்களில் இடுங்கள். ஒரு தவணைக்கு 5 கிராம் தழைச்சத்து என்றால், 46 சதவீதம் தழைச்சத்து உள்ள யூரியாவில் அது ஏறத்தாழ 11 கிராம். உலர்ந்த இலையின் மீது தூவி உடனே நீர் பாய்ச்சாவிட்டால் இலை கருகும். தொடர்மழையிலும் உறைபனியிலும் உரமிட வேண்டாம். உறைபனி படிந்த காலையில், வெயில் வந்து அது உருகும்வரை யாரையும் தரையில் நடக்கவிடாதீர்கள். மிதித்த தடங்கள் அப்படியே கருகிப் பல வாரங்கள் தெரியும்.

மலைத் தோட்டங்களில் ஓயாத போட்டியாளர் கிகுயு புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்த இது, வெளிர்பச்சையாக, மயிர் படர்ந்த இலையும் தடித்த ஓடுதண்டும் கொண்டது. இலை மூட்டில் மயிர் வரிசை இருப்பதால் லென்ஸில் எளிதில் தெரியும். வேலியோரத்திலிருந்து அது நுழையும்போதே, தரையின் விளிம்பில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, மாதம் ஒரு முறை உள்ளே வரும் தண்டுகளை அறுத்துவிட வேண்டும். நடுத்தரைக்கு வந்த பிறகு அதை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். சிலர் சலித்துப்போய் முழுத் தரையையும் கிகுயுவுக்கே விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடமானால் அதில் பெரிய குற்றமும் இல்லை.

மிஞ்சிய விதையைச் சென்னையில் அலமாரியில் வைத்தால் நம் ஈரக்காற்றில் அதன் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடுத்த ஆண்டு விதைக்கும் முன் 100 விதைகளை ஈரத் துணியில் சுற்றி, காயாமல் வைத்து, ரைகிராஸானால் பத்தாம் நாளிலும் புளூகிராஸானால் நான்காம் வார இறுதியிலும் எண்ணிப் பாருங்கள். எழுபதுக்கு மேல் முளைத்திருந்தால் விதையளவைச் சற்றே கூட்டிப் பயன்படுத்தலாம். ஐம்பதுக்கும் கீழே போயிருந்தால் புதிய பை வாங்கிவிடுங்கள்.